கூலிக்குப் பதில் சான்றிதழ்



பஞ்சாலையில் பாடுபடுகிறவர்களும் வயலில் பாடுபடுகிறவர்களும் நிறைந்திருக்கும் இந்தக் கூட்டத்தில், ஓட்டல் மண்டபங்களில் நடக்கும் விளம்பர விழாக்களைப் பற்றிப் பேச எங்களை அழைத்திருக்கிறீர்கள். இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சம்பந்தம் உண்டு. அந்த விழாக்களுக்கு ஆகும் செலவில் ஒரு பங்கு உங்கள் மடியிலிருந்து போகிறது. அது எப்படி என்று சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

நாங்கள் மூவர். ஒருவரின் தகப்பனார் நூற்பாலைத் தொழிலாளி. ஒருவரின் தாயார் நாற்று நட்டும் களை பறித்தும் பிள்ளையைப் படிக்க வைத்தவர். மூன்றாமவர் வீட்டில் ஒரு பெட்டிக்கடை. மூவரும் கல்லூரியை முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு மக்கள் தொடர்புக் கம்பெனியில் மூன்று மாதம் ‘இன்டர்ன்’களாக இருந்தோம். இன்டர்ன் என்றால் பயிற்சியாளர். உங்கள் ஆலையில் பதிலித் தொழிலாளி இருக்கிறாரே, அவருக்கு எல்லா நாளும் வேலை இல்லை; ஆனால் வேலை கிடைத்த நாளுக்குக் கூலி உண்டு. எங்களுக்கு எல்லா நாளும் வேலை உண்டு. கூலிதான் இல்லை!

மக்கள் தொடர்பு என்பது என்ன? சோப்புக் கம்பெனி பணம் கட்டிப் பத்திரிகையில் இடம் வாங்கினால் அது விளம்பரம். பணம் கட்டாமல், செய்தி என்ற பெயரிலேயே தன் பெயரை வரச் செய்தால் அது மக்கள் தொடர்பு. செய்தி வரவேண்டுமானால் ஏதாவது நடந்தாக வேண்டும் அல்லவா? எதுவும் நடக்காத இடத்தில் ஒன்றை நடத்திக் காட்டுவதுதான் விளம்பர விழா.

விழா நாளன்று விடியற்காலை ஐந்து மணிக்கு நாங்கள் மண்டபத்தில் இருக்க வேண்டும். கம்பெனியின் சின்னம் போட்ட பின்திரையைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும். பைகளில் பத்திரிகைக் குறிப்பு, பேனா, பரிசுப்பொருள் ஆகியவற்றைப் போட்டு அடுக்க வேண்டும். வாசலில் மேசை போட்டு வருகிற நிருபர்களின் பெயரைப் பதிய வேண்டும். வராத நிருபர்களுக்குப் போன் செய்து, “புறப்பட்டுவிட்டீர்களா சார்?” என்று கெஞ்ச வேண்டும். நூறு நாற்காலி போட்டு அறுபது பேர்தான் வந்தார்கள் என்றால், படம் எடுப்பதற்கு முன் பின் வரிசை நாற்காலிகளைச் சத்தமில்லாமல் தூக்கி ஒளித்துவிட வேண்டும். நடுவில் மிஞ்சும் காலியிடங்களில் நாங்களே உட்கார வேண்டும், கழுத்தில் தொங்கும் அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு! முன்வரிசையில் கை தட்டினால் நாங்களும் தட்ட வேண்டும். அப்போது நாங்கள் ‘பொதுமக்கள்’.

இந்தக் கலை நம் ஊரில் பிறந்ததல்ல. 1929 மார்ச் 31ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு. நியூயார்க் நகரின் ஐந்தாவது அவென்யூ வீதியில் கூட்டம் நிறைந்திருந்தது. அதன் நடுவே சில இளம் பெண்கள் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு நடந்தார்கள். பெண்கள் வீதியில் புகைப்பதை ஊர் ஏசிய காலம் அது. ‘இது சுதந்திரத்தின் தீப்பந்தம்’ என்றார்கள். மறுநாள் பத்திரிகைகளில் செய்தி வந்தது. பின்னால் இருந்து ஆட்டுவித்தவர் எட்வர்ட் பெர்னேஸ் என்ற மக்கள் தொடர்பு நிபுணர். அவருக்குப் பணம் கொடுத்தது அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி. பெண்களும் வீதியில் புகைத்தால் சிகரெட் அதிகம் விற்கும், விஷயம் அவ்வளவுதான். அன்று அந்தப் பெண்களோடு நடந்து நிருபர்களிடம் பேசிய பெர்த்தா ஹண்ட், பெர்னேஸின் சொந்தக் காரியதரிசி. தாம் யாரிடம் வேலை பார்க்கிறோம் என்பதை அவர் சொல்லவில்லை. அவர் கழுத்திலும் அட்டை இல்லை!

ஓட்டல் விழாக்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கைப்பேசி அறிமுகமானாலும், நகைக்கடைத் திறப்பானாலும், எல்லாம் ஒரே அச்சுதான். விருந்தினர் பந்தி முடிந்த பிறகு, ஓட்டல் சிப்பந்திகள் தங்களுக்குப் போட்ட டீயில் எங்களுக்கும் பங்கு கொடுத்தார்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறோம். விழாவுக்கு உரிய கம்பெனி எங்களுக்கு ஒரு வாய்த் தண்ணீர் தர வேண்டும் என்று நினைத்ததில்லை.

மரம் நடும் விழாவைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அதாவது இது சட்டக் கடமை. ஆனால் பத்திரிகையில் வரும்போது அது முதலாளியின் தரும சிந்தனையாகிவிடுகிறது. கடமையைத் தருமமாக்கும் ரசவாதம்தான் எங்கள் கம்பெனியின் தொழில்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஏரிக்கரை. சரளை மண். விழாவுக்கு முந்திய இரண்டு நாட்கள் அந்த ஊர் விவசாயக் கூலிப் பெண்கள் பன்னிரண்டு பேர் கடப்பாரையால் குத்திக் குத்திக் குழி வெட்டினார்கள். கன்றுகளைத் தலையில் சுமந்துவந்து குழிக்குக் குழி வைத்ததும் அவர்களே. காலை பத்து மணிக்கு வர வேண்டிய பிரமுகர் பதினொன்றரைக்கு வந்தார். ரிப்பன் கட்டிய மண்வெட்டியை அவர் கையில் கொடுத்தார்கள். பொலபொலவென்று முன்பே சலித்து வைத்திருந்த மண்ணை ஒரு தள்ளுத் தள்ளினார். காமிராக்கள் மின்னின. அந்தப் பெண்கள் கரையோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். உடனே எங்கள் மேலதிகாரி ஓடிவந்து, “அவர்களை ஓரமாகப் போகச் சொல்லுங்கள், படத்தில் விழுகிறார்கள்” என்றார்.

அவர்களில் மூத்தவர் ஓர் அம்மாள் எங்களைப் பார்த்துக் கேட்டார்: “குழி வெட்டுனது நாங்க. மண்ணு தள்ளுனது அவரு. நாளைக்குத் தண்ணி யாரும்மா ஊத்துவாங்க?”

நாங்கள் விழித்தோம். விழா நிகழ்ச்சி நிரலில் தண்ணீர் என்ற அயிட்டமே இல்லை! அந்த அம்மாள் விடவில்லை. “உனக்கு என்னா கூலி?” என்றார். கூலி இல்லை, கடைசியில் சான்றிதழ் கொடுப்பார்கள் என்றோம். “அடப்பாவமே, எங்களுக்காவது சாயங்காலம் காசு கைக்கு வந்துடும். இந்த வெயில்ல சும்மாவா நிக்கறே?” என்று எங்கள் தலையில் தம் முந்தானையைப் பிடித்தார். படத்தில் விழக்கூடாது என்று விரட்டப்பட்டவர் எங்களுக்கு நிழல் கொடுத்தார், தோழர்களே!

மறுநாள் பத்திரிகையில் அந்தப் பிரமுகர் மரக்கன்றுகளை நட்டதாகச் செய்தி வந்தது. எங்களுக்கு அன்றைய வேலை, செய்தி வந்த பத்திரிகைகளைக் கத்தரித்து, அடிக்கோலால் அளந்து, அந்த இடத்தை விளம்பரமாக வாங்கியிருந்தால் எத்தனை ரூபாய் ஆகியிருக்கும் என்று கணக்குப் போடுவது. ஆலையில் நூலுக்குக் கவுண்ட் பார்ப்பதுபோல! இந்தக் கணக்கு மக்கள் தொடர்பின் மதிப்பைக் காட்டாது என்று அந்தத் தொழிலின் சர்வதேச நிபுணர்களே 2010ஆம் ஆண்டில் பார்சிலோனாவில் கூடி அறிவித்துவிட்டார்கள். ஆனால் பணம் கொடுக்கும் கம்பெனிக்குக் காட்ட ஓர் இலக்கம் வேண்டுமே! இலக்கம் லட்சங்களில் வந்தது. எங்களுக்கு அதில் ஒரு காசு இல்லை.

இப்போது எங்கள் கணக்குக்கு வருகிறோம். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 7,000 ரூபாய். பஸ்ஸுக்கும் போனுக்கும் கை செலவுக்கும் 2,500. மூன்று மாதத்திற்கு 28,500 ரூபாய் ஆளுக்கு. இதை யார் கொடுத்தார்கள்? மக்கள் தொடர்புக் கம்பெனி கொடுக்கவில்லை. விழா நடத்திய கம்பெனியும் கொடுக்கவில்லை. ஒருவருக்கு, ஓய்வு நாளிலும் ஷிப்டுக்குப் போன தகப்பனார் கொடுத்தார். ஒருவருக்கு, அம்மா காதிலிருந்த தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. நூற்பாலைத் தொழிலாளியின் கூலியும் களை பறித்த கூலியும் சேர்ந்து, நட்சத்திர ஓட்டலில் நடக்கும் முதலாளியின் விழாவுக்கு ஆள் அனுப்பியிருக்கின்றன! உங்கள் மடியிலிருந்து போகிறது என்று தொடக்கத்தில் சொன்னோமே, இதுதான் அது.

கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? அந்தத் தொழிலுக்குள்ளேயே வராது. மூன்று மாதம் சும்மா உழைக்க வசதியுள்ளவன்தான் நாளைக்கு அங்கே அதிகாரி. எந்தச் செய்தி எப்படி வர வேண்டும் என்று தீர்மானிக்கும் அறையில் நம் வீட்டுப் பிள்ளைகள் ஏன் குறைவு என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1938இல் வந்தது. 1947இல் ஒரு வழக்கு. ரயில்வேயில் பிரேக்மேன் வேலைக்கு ஏழெட்டு நாள் பயிற்சி பெற்றவர்கள் அந்த நாட்களில் தொழிலாளர் அல்ல என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏழெட்டு நாளுக்குச் சொன்ன அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு, பிற்காலத்தில் மாதக் கணக்கில் இளைஞர்களைச் சும்மா வேலை வாங்கினார்கள். ‘பிளாக் ஸ்வான்’ என்ற சினிமாவின் தயாரிப்பில் கூலியின்றி வேலை பார்த்த இன்டர்ன்கள் வழக்குப் போட்டார்கள். 2013இல் நியூயார்க் நீதிபதி அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். 2015இல் மேல்கோர்ட் அதை ரத்துச் செய்து, அந்த ஏற்பாட்டினால் யாருக்கு அதிக ஆதாயம் என்று பார்க்க வேண்டும் என்றது. ஒளித்து வைத்த நாற்காலியைத் தூக்கியவருக்கு ஆதாயமா, மண்டபம் நிறைந்ததாகக் காட்டிக்கொண்டவருக்கு ஆதாயமா? நீங்களே சொல்லுங்கள்!

நம் நாட்டில் 1961ஆம் ஆண்டு அப்ரண்டீஸ் சட்டம் இருக்கிறது. அதன் 18ஆம் பிரிவு, அப்ரண்டீஸ் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளி அல்ல என்கிறது. அவருக்கு உதவித்தொகையாவது சட்டப்படி உண்டு. எங்களைப் போன்ற இன்டர்ன்களை அந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவதும் இல்லை, சம்பளப் பட்டியலில் சேர்ப்பதும் இல்லை. அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. ‘பயிற்சி’ என்ற சொல்லின் மகிமையை உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. சுமங்கலித் திட்டம் என்ற அழகான பெயரில், கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று ஏழைப் பெண்களை நூற்பாலை விடுதிகளில் பல ஆண்டு பூட்டி வைத்தார்களே, அவர்களையும் பயிற்சியாளர் என்றுதானே எழுதினார்கள்? அந்தப் பெண்கள் பட்ட பாட்டோடு எங்கள் மூன்று மாதத்தை ஒப்பிடவில்லை, ஒப்பிடவும் கூடாது. சொல் ஒன்றுதான் என்கிறோம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இந்தத் தொழிலின் வேலை விழாவோடு நிற்பதில்லை. தொழிலாளர் போராட்டம் வரும்போதும் இதே கைகள் வேலை செய்கின்றன. 1914 ஏப்ரல் 20ஆம் தேதி அமெரிக்காவின் கொலராடோவில், லட்லோ என்ற இடத்தில், வேலைநிறுத்தம் செய்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் கூடாரங்கள் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டன. ஒரு கூடாரத்தின் அடியில் குழியில் பதுங்கியிருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மாண்டார்கள். சுரங்கக் கம்பெனியின் பெரும்பங்கு ராக்பெல்லர் குடும்பத்தினுடையது. அதன் பிறகு அவர்கள் அமர்த்திக்கொண்டவர் ஐவி லீ, மக்கள் தொடர்புத் தொழிலின் மூலவர்களில் ஒருவர். அவர் நாடெங்கும் துண்டறிக்கைகளை அனுப்பினார். ஒன்றில், சங்கத் தலைவர்கள் ஓராண்டு முழுவதும் பெற்றதை ஒன்பது வாரத்தில் பெற்றதுபோல் அச்சிட்டிருந்தது! 1915 செப்டம்பரில் சின்ன ராக்பெல்லர் சுரங்கப் பகுதிக்கு நேரிலேயே வந்தார். சுரங்க உடை மாட்டிக்கொண்டார். தொழிலாளர் மனைவியரோடு நடனமாடினார். எரிந்த கூடாரத்தின் மேல் விரித்த பின்திரை அது.

நம் ஊரில் கம்பெனிக் குறிப்பு எப்படி இருக்கும் என்று நாங்கள் கண்டிருக்கிறோம். வேலைநிறுத்தம் என்று எழுதமாட்டார்கள், ‘உற்பத்தியில் சிறு இடையூறு’ என்பார்கள். தொழிலாளர் என்று எழுதமாட்டார்கள், ‘ஒரு பகுதித் தொழிலாளர்’ என்பார்கள். அந்தக் குறிப்பு தமிழிலும் இங்கிலீஷிலும் தட்டச்சாகிப் பிற்பகல் மூன்று மணிக்கே நிருபர் கையில் இருக்கும். சங்கத்தின் குறிப்பு இரவு எட்டு மணிக்குக் கையெழுத்தில் போகும். எத்தனை பேர் என்ற எண் இருக்காது, போன் நம்பர் இருக்காது, ஆவேசம் மட்டும் நிறைய இருக்கும். நிருபர் நமக்கு விரோதி அல்ல. அவரும் கூலிக்கு எழுதுகிறவர்தான். பக்கம் மூடும் நேரத்தில் கையில் இருப்பதைத்தான் அவர் போட முடியும்.

ஆகவே சங்கத் தோழர்கள் குறிப்பு எழுதும்போது முதல் வரியிலேயே எந்த ஆலை, எந்த இலாகா, மொத்தம் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் வெளியே நிற்கிறார்கள் என்று எழுதுங்கள். அடுத்த வரியில் கோரிக்கை என்ன, எந்தத் தேதியில் கொடுத்தது, நிர்வாகம் என்ன பதில் சொன்னது. விவசாயத் தொழிலாளர் கூலிப் பிரச்சினையானால், பேசிய கூலி எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, எத்தனை நாள் பாக்கி. விவரம் சொல்ல ஒருவர் பெயரும் போன் நம்பரும். பிற்பகல் இரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். படம் எடுத்தால் மேடையில் இருக்கும் தலைவரை மட்டும் எடுக்காதீர்கள். கூட்டத்தில் நிற்கிற பெண்களின் முகம் அதில் விழட்டும்.

கூட்டம் முடிந்ததும் பின்பக்கம் டீ கொடுக்கும் மேசையருகே நாங்கள் மூவரும் இருப்போம். காகிதமும் பேனாவும் கொண்டு வந்திருக்கிறோம். எந்தக் கிளைச் சங்கமானாலும் விவரத்தோடு வாருங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறோம். இன்டர்ன் வேலைக்குப் போகவிருக்கும் பிள்ளைகளும் வரலாம். கூலி எவ்வளவு, வேலை நேரம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்பதற்கு ஒரு கடிதம் தயாரித்து வைத்திருக்கிறோம். பிரதி எடுத்துக்கொண்டு போங்கள்.