வாடகைப் படகில் ஒரு நாள்



"வாத்தியாரய்யா, எம் மவன் ஞாயித்துக்கெழம சிங்கப்பூர்ல படகு எடுத்துக்கிட்டு நடுக்கடலுக்கு மீன் பிடிக்கப் போறானாம். காசு குடுத்து மீன் பிடிக்கப் போறத நீங்க எங்கயாச்சும் கேட்டிருக்கீங்களா? நீச்சல் கூடத் தெரியாத பய. நீங்க சொன்னாத்தான் கேப்பான்."

சில ஆண்டுகளுக்கு முன்பு ஜூலை மாதத்தில், எங்கள் தோட்டத்துத் தாய் ஒருவர் பள்ளிக்கூட வாசலில் என்னை மறித்துச் சொன்ன சொற்கள் இவை. எங்கள் தோட்டம் ஜோகூரில் இருக்கிறது. அந்தப் பிள்ளை என்னிடம் படித்தவன். விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூரில் ஒரு பட்டறையில் வேலை பார்த்து வந்தான். நான் அவனைக் கூப்பிட்டுப் பேசினேன். அவன் சிரித்துக்கொண்டே, "நீங்களும் வாங்க சார், பார்த்துட்டு வந்து அம்மாகிட்ட சொல்லுங்க" என்றான். தடுக்கப் போனவன் கூடவே போனேன். நான் அங்கே கண்டதையும், பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

காசு கொடுத்து மீன் பிடிப்பது நமக்குத்தான் புதுமை. 1898ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் உள்ள கேட்டலினாத் தீவில், சார்லஸ் ஹோல்டர் என்பவர் 183 ராத்தல் எடையுள்ள சூரை மீன் ஒன்றை வெறும் தூண்டில் கோலால் பிடித்தார். அதே ஆண்டு அங்கே அதற்கென்று ஒரு சங்கமும் தோன்றியது. மீனுக்கும் மனிதனுக்கும் நேர்மையான போட்டி இருக்க வேண்டும், தடித்த கயிற்றைப் போட்டு இழுப்பது வீரமாகாது என்பது அவர்களுடைய கொள்கை. 1953இல் பெரு நாட்டுக் கடலில் ஆல்ஃபிரட் கிளாசெல் என்பவர் தூண்டிலில் பிடித்த கறுப்பு மார்லின் மீனின் எடை 1,560 ராத்தல். ஏறக்குறைய 700 கிலோ! பணக்காரர்களின் பொழுதுபோக்காகத் தொடங்கிய இந்த வழக்கம், பத்துப் பேர் பங்கு போட்டு ஒரு படகை வாடகைக்கு எடுக்கும் முறையால் நம்முடைய பிள்ளைகள் வரைக்கும் வந்துவிட்டது. ஒரு நாள் வாடகை பல நூறு சிங்கப்பூர் வெள்ளி ஆகும். அந்தப் பணத்துக்குச் சந்தையில் எத்தனை கிலோ மீன் வாங்கலாம் என்று அந்தத் தாய் கேட்டது நியாயமான கேள்வி. எனக்கும் அந்தக் கேள்வி உண்டு.

சனிக்கிழமை மாலையே நான் சிங்கப்பூருக்குப் போய்விட்டேன். சிராங்கூன் சாலையில் எல்லாரும் கூடினார்கள். தேக்கா சந்தையில் இரைக்குச் சிறு இறாலும் கணவாயும் வாங்கினார்கள். இந்தச் சந்தையின் பழைய பெயர் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம். 1915இல் கட்டிய பழைய சந்தை போய், 1982இல் இப்போதைய கட்டடம் வந்தது. வஞ்சிரம், களவா, திருக்கை என்று தமிழில் கேட்டால் தமிழிலேயே விலை சொல்லும் மீன்காரர்களை அங்கே பார்க்கலாம். மலாயில் இக்கான் மேரா என்று சொல்லும் சிவப்பு மீனின் தலைகள் தனியே அடுக்கியிருந்தன. 1949இல், கேரளத்திலிருந்து வந்த கோமெஸ் என்பவர் சீன வாடிக்கையாளர்களின் ருசி அறிந்து அந்தத் தலையைக் குழம்பு வைத்து விற்கத் தொடங்கினார். இன்று சிங்கப்பூரின் பெயர் பெற்ற உணவுகளில் அதுவும் ஒன்று.

மறுநாள் விடிவதற்கு முன்பே மரினா சவுத் படகுத்துறைக்குப் போனோம். 1933இல் திறந்த பழைய கிளிஃபோர்ட் துறையை 2006இல் மூடிய பிறகு படகுகள் இங்கிருந்துதான் புறப்படுகின்றன. படகோட்டி ஐம்பது வயதைக் கடந்த சீனர். கூலி வாங்கும் முன்பே அவர் ஆட்களை எண்ணினார். படகின் பக்கத்தில் எழுதியிருந்த பதிவு எண்ணையும், எத்தனை பேர் ஏறலாம் என்ற கணக்கையும் காட்டினார். பிறகு உயிர்காப்புச் சட்டைகளை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்.

அப்போதுதான் நம் பிள்ளை என் காதில் ஒரு செய்தியைப் போட்டான். போன மாதம் மலிவாகக் கிடைக்கிறது என்று வேறொரு படகில் போனார்களாம். ஆட்கள் 12 பேர், சட்டைகள் 7. யாரும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. கேட்டால் நண்பர்கள் பயந்தாங்கொள்ளி என்பார்களே என்ற கூச்சம்! இதை அவன் தாயிடம் சொல்லியிருக்கவில்லை.

சிங்கப்பூர்க் கடல் குளம் போன்றது என்று எண்ணிவிடக் கூடாது. உலகத்திலேயே கப்பல் நடமாட்டம் மிகுந்த கடற்பாதைகளில் அது ஒன்று. சாலையில் போவதற்கும் வருவதற்கும் தனித்தனிப் பாதை இருப்பது போல, 1981 முதல் அந்த நீரிணையில் பெரிய கப்பல்களுக்குப் போக ஒரு பாதை, வர ஒரு பாதை என்று வகுத்திருக்கிறார்கள். எண்ணெய்க் கப்பல் ஒன்று நிற்க வேண்டுமானால் சில கிலோமீட்டர் ஓடித்தான் நிற்கும். முன்னால் கிடக்கும் சிறு படகு அதன் மாலுமியின் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். ஆகவே மீன் நிறைய இருக்கிறது என்பதற்காகக் கப்பல் பாதையில் நங்கூரம் போடுவது தற்கொலைக்குச் சமம். இன்னொன்று, தெற்கே சிறிது தூரத்திலேயே இந்தோனேசிய எல்லை வந்துவிடுகிறது. 1973இல் இரு நாடுகளும் உடன்படிக்கை செய்து வகுத்த எல்லை அது. கடலில் வேலியும் இல்லை, கல்லும் இல்லை. இயந்திரம் நின்று படகு மிதந்து போனாலும் எல்லை தாண்டியது தாண்டியதுதான்.

படகு தென்மேற்கே போனது. 1855இல் கட்டிய ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம் தூரத்தில் தெரிந்த இடத்தில் நங்கூரம் இறங்கியது. ஆழம் 30 மீட்டர் என்றார் படகோட்டி. கனத்த ஈயக்குண்டு கட்டிய நைலான் நரம்பு அடி வரைக்கும் போகிறது. நரம்பைச் சுற்றும் சுருளில் ஒரு திருகு இருக்கிறது. அதை இறுக்கமாக வைத்தால் பெரிய மீன் இழுக்கும்போது நரம்பு அறும். அளவாக வைத்தால், மீன் ஓடும்போது நரம்பு தானே கழன்று கொடுக்கும். மீன் களைத்ததும் சுற்றிக்கொள்ளலாம். முரட்டுக் கன்றைக் கயிற்றில் பிடித்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவர் அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருந்தது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கடலின் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். அப்போது அந்தக் குறுகிய நீரிணையில் நீரோட்டம் மனிதன் நடக்கும் வேகத்தையும் மிஞ்சும். ஈயக்குண்டு அடியில் நிற்காது. இரண்டுக்கும் நடுவே, பாதி நிலாக் காலத்தில் ஓட்டம் தணியும். இதைக் கேட்டபோது, பஞ்சாங்கம் பார்க்கும் எங்கள் தோட்டத்துப் பாட்டிமார் நினைவுக்கு வந்தார்கள்.

மணி எட்டு இருக்கும். இரண்டு களவாக்கள் மட்டும் ஏறியிருந்தன. படகோட்டி மேற்கே பார்த்தார். அடிவானத்தில் மை பூசினாற்போல ஒரு கரும்பட்டை. ஒரு வார்த்தையும் பேசாமல் நங்கூரத்தை இழுக்கத் தொடங்கினார். பையன்களுக்குக் கோபம். "முழு நாளுக்குக் காசு குடுத்திருக்கோம், இப்பத்தானே மீன் கடிக்க ஆரம்பிச்சிருக்கு" என்று கூச்சல் போட்டார்கள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

நேயர்களே, அந்தக் கரும்பட்டைக்குச் சுமத்ரா என்றே பெயர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், சுமத்ராத் தீவின் பக்கமிருந்து இடிமழை வரிசையாகக் கிளம்பி, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலை வேளையிலோ நம் பக்கம் வரும். அப்படியொரு மழையில் நம் லயத்து வீட்டுத் தகரம் பறந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒன்று இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆனால் திறந்த கடலில் சிறிய படகுக்கு அந்த ஒரு மணி நேரம் போதும்.

படகு செயின்ட் ஜான்ஸ் தீவின் கிழக்கு ஓரமாகப் போய் ஒதுங்கியது. சற்று நேரத்தில் காற்று வந்தது. தீவு மறைத்தும் படகு ஆடிய ஆட்டத்தில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள், நானும் எடுத்தேன். கூச்சல் போட்டவர்கள் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தீவில் 1874 முதல் நோய்த் தடுப்பு முகாம் இருந்தது. கப்பலில் வந்த நம் முன்னோர்களில் பலரைக் கரையேற விடாமல் அங்கேதான் தங்க வைத்துச் சோதித்தார்கள். தோட்டங்களுக்கு ஆள் பிரிக்கப்படும் முன்பு அவர்கள் பார்த்த முதல் மண் அது. மழைக்குள் அந்த மரங்களைப் பார்த்தபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

மழை விட்டபின் மறுபடியும் தூண்டில் போட்டார்கள். நம் பிள்ளைக்கு ஒரு கெளுத்தி கிடைத்தது. ஆசையாய்ப் பிடித்தான், முள் உள்ளங்கையில் ஏறியது. படகோட்டி உடனே அடுப்பில் தண்ணீரைச் சூடாக்கி, பொறுக்கக்கூடிய சூட்டில் கையை அரை மணிக்கு மேல் அமிழ்த்தி வைக்கச் சொன்னார். கெளுத்தி, திருக்கை இவற்றின் முள்விஷத்துக்கு வெந்நீர்தான் முதல் உதவி. கை பொசுங்கிவிடாத சூடாக இருக்க வேண்டும். முள் உள்ளே ஒடிந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

ஒருவன் பிடித்த சிறு களவாவைக் கடலில் திரும்ப விட்டான். நல்ல எண்ணந்தான். ஆனால் அது வயிறு உப்பி மேலேயே மிதந்தது. 30 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் மேலே இருப்பதைப் போல நான்கு மடங்கு. வேகமாக மேலே இழுத்தால் மீனின் காற்றுப்பை ஊதிப் பெருத்துவிடும்; பிறகு அதனால் கீழே போக முடியாது. மேல்நீரில் ஓடும் மீனுக்கு இந்தத் தொல்லை குறைவு. பகாங்கில் ரொம்பின் கடலுக்கு வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து மயில்மீன் பிடிக்கிறார்கள். வாயோரத்தில் மட்டும் மாட்டும் வளைந்த தூண்டில் முள்ளைப் போட்டு, பிடித்தவுடன் படம் எடுத்துக்கொண்டு நீரிலேயே விட்டுவிடுகிறார்கள். சிங்கப்பூரிலேயே சிஸ்டர்ஸ் தீவுகளை 2014இல் கடற்பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். அங்கே தூண்டில் போட அனுமதியில்லை.

தாய்மார்களே, உங்கள் பிள்ளை கடலுக்குப் போகிறேன் என்றால், முதலில் படகுக்கு உரிமம் உண்டா, படகோட்டிக்கு ஓட்டும் உரிமம் உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். உயிர்காப்புச் சட்டை ஆளுக்கொன்று இருந்தால் மட்டும் போதாது. பெட்டியில் கிடக்கும் சட்டை யாரையும் காப்பாற்றாது, உடம்பில் இருக்க வேண்டும். வாந்திக்கான மாத்திரையைப் படகு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். ஆடத் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை என்பதை நான் அனுபவித்தே அறிந்தேன். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் தியோமான், ஆவுர் தீவுப் பக்கம் தென்சீனக் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் மெர்சிங்கிலிருந்து மீன்பிடிக்கப் போகலாம் என்று யார் கூப்பிட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

திங்கட்கிழமை அந்தத் தாய் களவா மீன் குழம்பு ஒரு கிண்ணத்தில் கொண்டு வந்தார். நல்ல புளி, நல்ல காரம். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை நின்றவர், "அந்தச் சட்டைய அவன் போட்டிருந்தானா அய்யா?" என்று கேட்டார்.

போட்டிருந்தான், வெயில் ஏறியதும் கழற்றினான், படகோட்டி அதட்டியதும் திரும்பப் போட்டான் என்று நடந்ததைச் சொன்னேன். போன மாதத்து ஏழு சட்டைகளைப் பற்றியும் சொன்னேன். அவர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனார். அன்று மாலை லயத்துக் கடைசி வீடு வரைக்கும் அவர் குரல் கேட்டது.