சாவி கிடைத்த பிறகு



பெல்ஜிய எழுத்தாளர் ஜாக்குலின் ஹார்ப்மன் 1995-இல் பிரெஞ்சில் எழுதிய 'ஐ ஹூ ஹேவ் நெவர் நோன் மென்' நாவலை ஆங்கிலத்தில் படித்தேன். நிலவறைக் கூண்டில் நாற்பது பெண்கள். ஒருநாள் அபாயச் சங்கு அலறுகிறது, காவலர்கள் ஓடிவிடுகிறார்கள், சாவி பூட்டிலேயே இருக்கிறது. வெளியே ஆளில்லாத வெட்டவெளி. ஏன் அடைத்தார்கள், இது எந்த உலகம்? கடைசிவரை பதில் இல்லை.

"படிக்கவைத்து ஏமாற்றிவிட்டார்" என்று சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. ஹார்ப்மனின் தந்தை யூதர். போர்க்காலத்தில் குடும்பமே காசாபிளாங்காவுக்குத் தப்பிப் போனது. காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டா ஓடினார்கள்?

கதை சொல்லும் பெண் தன் இதயத்துடிப்பை எண்ணி நேரத்தைக் கணக்கிடுகிறாள். நான் இருபது வருஷமாகக் கடிகாரத்தைப் பார்த்து மற்றவர்கள் நாடியை எண்ணுகிறவள். அந்த இடத்தில் சிரித்துவிட்டேன்.

என் சண்டை வேறு. நோயில் துடிக்கும் தோழிகள் கேட்டுக்கொள்ள, அவள் கத்தியால் அவர்கள் உயிரை முடித்துவைக்கிறாள். நர்ஸ் நான், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து இரவு டியூட்டி. ஒரு பாட்டி, "போதும், என்னை விட்டுவிடு" என்றார். அடுத்த மார்பினுக்கு நேரம் இருந்தது. டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் வரும்வரை பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், வேறென்ன செய்ய?

அவள் செய்ததை இன்றும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆனால் டியூட்டி முடிந்து வந்த அன்று காலை, தூங்காமல், மிச்சத்தைப் படித்து முடித்தேன்.