ஒரு பானைச் சோறும் ஓர் அணைக்கட்டும்

சந்தைக்குப் போகிறோம். மண்பானை வாங்குகிறோம். காசு கொடுக்கும் முன் என்ன செய்கிறோம்? விரலை மடக்கிப் பானையைத் தட்டிப் பார்க்கிறோம். 'கணீர்' என்று ஒலித்தால் நல்ல பானை. மந்தமாக ஒலித்தால் எங்கோ கீறல் இருக்கிறது.

கொத்தனாரும் இப்படித்தான் செய்வார். இரண்டு செங்கற்களை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டுவார். நன்றாக வெந்த கல்லா, வேகாத கல்லா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

வீட்டில் சோறு வெந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்கிறோம்? ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்கிறோம். 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள்.

தட்டிப் பார்ப்பது, நசுக்கிப் பார்ப்பது. இவை இரண்டுமே பொருளின் தன்மையை அறியும் வழிகள். விஞ்ஞானிகளும் இதைத்தான் செய்கிறார்கள். கருவிகள்தான் வேறு.

பானையைத் தட்டலாம். சோற்றை நசுக்கலாம். ஓர் அணைக்கட்டை என்ன செய்வது? அது நூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. உடைத்துப் பார்க்கவும் முடியாது. அதன் பலத்தை அறிவது எப்படி?

இன்று அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில் உள்ளது முல்லைப் பெரியாறு அணை. 1886-இல் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் ஆங்கில அரசுக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. பிறகு அணை வேலை தொடங்கியது. பென்னிகுவிக் என்ற பொறியாளர் வேலையை நடத்தினார். 1895-இல் அணை முடிந்தது. மேற்கே போன தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பியது.

இந்த அணையை நம்பி இரண்டு பக்கமும் மக்கள் வாழ்கிறார்கள். கிழக்கே தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்கள். அங்கே வயலுக்கும் குடிப்பதற்கும் இந்தத் தண்ணீர் வேண்டும். மேற்கே அணைக்குக் கீழே வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு, உப்புத்தறை ஆகிய ஊர்கள். அணைக்கு ஏதாவது ஆகிவிட்டால் தண்ணீர் முதலில் அந்த ஊர்களுக்குத்தான் வரும்.

வண்டிப்பெரியாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல உண்டு. அவர்களில் பலருக்குக் கம்பத்திலும் தேனியிலும் சொந்தபந்தம் இருக்கிறது. அண்ணன் வீடு அணைக்குக் கீழே. தங்கை வீட்டு வயல் அணைத் தண்ணீரில். 'அணை பலமாக இருக்கிறதா?' என்ற கேள்வி இரண்டு வீட்டுக்கும் பொதுவானது.

இந்த அணை எதனால் கட்டப்பட்டது? இன்று வீடு கட்டும் சிமென்ட்டால் அல்ல. சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கலவையால் கட்டப்பட்டது. சுர்க்கி என்றால் சுட்ட செங்கல்லை இடித்த தூள். அணையின் வெளிப்பக்கம் கருங்கல் கட்டு. உள்பக்கம் சுண்ணாம்பு சுர்க்கிக் கான்கிரீட்.

அணை எதைக் கொண்டு தண்ணீரைத் தடுத்து நிறுத்துகிறது? தன் எடையைக் கொண்டுதான். கனமான மனிதரைத் தள்ளுவது கடினம் அல்லவா? அதுபோல.

தண்ணீர் ஆழம் கூடக்கூட அதிக வேகத்தோடு தள்ளும். 10 மீட்டர் ஆழத்தில், ஒரு சதுர மீட்டர் இடத்தின் மேல் 10 டன் பாரம் அழுத்தும். 30 மீட்டர் ஆழத்தில் 30 டன் அழுத்தும். ஒரு கணக்கைப் பாருங்கள். தண்ணீரின் உயரம் 136 அடியிலிருந்து 142 அடிக்கு ஏறுகிறது. கூடியது 6 அடிதான். நூற்றுக்கு நாலரைகூட இல்லை. ஆனால் தண்ணீர் தள்ளும் மொத்த வேகம் ஏறக்குறைய 9 சதவீதம் கூடிவிடுகிறது. சில அடிகளுக்காக இத்தனை வாதம் நடப்பது இதனால்தான்.

இன்னொரு செய்தியும் உண்டு. கிணற்றில் வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை கனம் தெரியாது. மேலே வந்தவுடன் கனக்கும். தண்ணீருக்குள் எந்தப் பொருளும் எடை குறைந்ததுபோல் ஆகும். அணைக்கு அடியில் கசியும் தண்ணீரும் அணையை மேல்நோக்கித் தூக்கப் பார்க்கும். அணையின் எடை அந்த அளவுக்குக் குறைந்ததுபோல் ஆகிவிடும்.

சுண்ணாம்புக்கு ஒரு குணம் உண்டு. கசியும் தண்ணீர் அதைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு போகும். வெளியே வந்து காற்றுப் பட்டதும் வெள்ளைப் படிவமாக ஒட்டிக்கொள்ளும். பழைய சுவர்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்பு கரைந்தால் எடை குறையும். பலமும் குறையலாம்.

1979 ஆகஸ்டில் குஜராத்தில் மச்சு அணை உடைந்தது. மோர்வி நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. கேரளத்திலும் அச்சம் பரவியது. அதே ஆண்டில் முல்லைப் பெரியாற்றின் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பிறகு அணையைப் பலப்படுத்தும் வேலைகள் நடந்தன. மேலே கான்கிரீட் தொப்பி போட்டார்கள். அணைக்குள் துளையிட்டு எஃகு வடங்களை இறக்கி, அடிப் பாறையோடு இறுக்கிக் கட்டினார்கள். பின்பக்கம் கான்கிரீட் முட்டுச் சுவர் எழுப்பினார்கள்.

இனி, சோதனைக்கு வருவோம்.

முதல் சோதனை, நசுக்கிப் பார்ப்பது. வைரத்துகள் பதித்த குழாய் போன்ற கருவியால் அணையில் துளையிடுகிறார்கள். வாழைத்தண்டு போல உருண்டையான ஒரு துண்டு வெளியே வரும். இதுதான் மாதிரித் துண்டு. அதை எடை போடுகிறார்கள். பிறகு ஓர் எந்திரத்தில் நிறுத்தி அழுத்துகிறார்கள். எத்தனை டன் பாரத்தில் நொறுங்குகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள்.

அழுத்தினால் மட்டும் போதாது. இழுத்தால் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். படிப்பு மையத்தில் சாக்பீஸ் இருக்கும். ஒன்றை எடுத்து மேசையில் நிமிர்த்தி வைத்து விரலால் அழுத்துங்கள். உடையாது. அதையே இரண்டு கையாலும் பிடித்து வளையுங்கள். 'டக்' என்று உடைந்துவிடும். ஏன்? வளைக்கும்போது ஒரு பக்கம் இழுபடுகிறது. சாக்பீஸ் அழுத்தத்தைத் தாங்கும். இழுப்பைத் தாங்காது. கல், செங்கல், சுண்ணாம்புக் காரை, கான்கிரீட் எல்லாவற்றுக்கும் இதே குணம்தான். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும் அளவில் பத்தில் ஒரு பங்கு இழுப்பைத்தான் தாங்கும். மாதிரித் துண்டைப் படுக்கவைத்து அழுத்தினால் அது நெடுக்காகப் பிளக்கும். இழுப்பைத் தாங்கும் பலத்தை இந்தச் சோதனையால் அறியலாம்.

இரண்டாவது சோதனை, தட்டிப் பார்ப்பது. அணையின் ஓரிடத்தில் தட்டுகிறார்கள். இன்னோரிடத்தில் கருவியை வைத்து ஒலி எப்போது வந்து சேர்கிறது என்று அளக்கிறார்கள். காற்றில் ஒலி வினாடிக்கு 340 மீட்டர் போகும். நல்ல சிமென்ட் கான்கிரீட்டில் 4 கிலோமீட்டர் அளவுக்குப் பாயும். உள்ளே பொத்தலோ வெடிப்போ இருந்தால் ஒலி சுற்றிக்கொண்டு வரும். தாமதமாகும். பானை வாங்கும் பாட்டி காதால் அறிந்ததை இங்கே கருவி எண்ணாகச் சொல்கிறது.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. பானையில் எல்லா அரிசியும் ஒரே அரிசி. ஒரே தண்ணீர், ஒரே தீ. அதனால் ஒரு சோறு போதும். அணை அப்படி இல்லை. அதன் நீளம் 1200 அடி. ஓரிடத்தில் கலவை நன்றாக இருக்கும். இன்னோரிடத்தில் சுண்ணாம்பு கரைந்திருக்கும். எல்லா இடத்திலும் துளையிட்டால் அணையே சல்லடை ஆகிவிடும். சில துண்டுகளை வைத்து முழு அணையையும் எப்படி அறிவது? பெரிய நிலநடுக்கம் வந்தால் என்ன ஆகும் என்று அணையை ஆட்டிப் பார்க்க முடியுமா?

இங்கேதான் கணிப்பொறி உதவிக்கு வருகிறது. அதைக் கம்ப்யூட்டர் என்றும் சொல்கிறோம்.

கோலம் போட முதலில் புள்ளி வைக்கிறோம். பிறகு புள்ளிகளைக் கோட்டால் இணைக்கிறோம். கணிப்பொறியிலும் அணையின் படத்தை இப்படிப் புள்ளியும் கோடுமாகப் பிரிக்கிறார்கள். ஆயிரக்கணக்கான சிறு கட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் எடை எவ்வளவு, எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு சுருங்கும் என்று எண்களைக் கொடுக்கிறார்கள். பிறகு தண்ணீரின் தள்ளுதலைக் கொடுக்கிறார்கள். நிலநடுக்கத்தின் ஆட்டத்தையும் கொடுக்கிறார்கள். ஒரு கட்டம் பக்கத்துக் கட்டத்தைத் தள்ளும். அது அடுத்ததைத் தள்ளும். அத்தனை கணக்கையும் கணிப்பொறி போட்டு முடிக்கும். எந்த இடத்தில் இழுப்பு அதிகம் என்று காட்டும். அங்கேதான் வெடிப்பு விழக்கூடும்.

இந்தக் கணக்கை நம்பலாமா? நம்பலாம் என்பதற்கு ஓர் உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1967 டிசம்பர் 11-ஆம் தேதி மகாராஷ்டிர மாநிலம் கொய்னாவில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அங்கே 103 மீட்டர் உயரமுள்ள கான்கிரீட் அணை உண்டு. அணை உடையவில்லை. ஆனால் மேல்பகுதியில் வெடிப்புகள் விழுந்தன. பின்னால் அமெரிக்காவில் அனில் சோப்ரா என்ற இந்தியப் பேராசிரியரும் அவருடன் இருந்தவர்களும் கணிப்பொறியில் இந்த அணையை ஆட்டிப் பார்த்தார்கள். அணையின் சரிவு மாறும் இடத்தில் இழுப்பு அதிகம் என்று கணக்கு காட்டியது. உண்மை அணையிலும் வெடிப்பு விழுந்தது அந்த உயரத்தில்தான்.

ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. கணிப்பொறிக்குத் தானாக எதுவும் தெரியாது. பொக்கு நெல்லை விதைத்தால் நல்ல பயிர் வருமா? தவறான எண்ணைக் கொடுத்தால் தவறான விடைதான் வரும். சரியான எண் எங்கிருந்து வரும்? அந்த மாதிரித் துண்டிலிருந்துதான் வரும். சோதனை இல்லாத கணக்கு வெறும் ஊகம். கணக்கு இல்லாத சோதனை ஒரு பருக்கைச் சோறு. இரண்டும் சேர்ந்தால்தான் உண்மை தெரியும்.

முல்லைப் பெரியாற்றிலும் இந்த இரண்டும் நடந்தன. கேரள அரசு கேட்டுக்கொண்டபடி ரூர்க்கி ஐ.ஐ.டி. நிபுணர்கள் கணக்கிட்டார்கள். பெரிய நிலநடுக்கம் வந்தால் அணைக்கு ஆபத்து என்றார்கள். 2010-இல் உச்ச நீதிமன்றம் ஒரு குழுவை அமைத்தது. முன்னாள் தலைமை நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் அதன் தலைவர். அணையில் துளையிட்டு மாதிரி எடுத்தார்கள். தண்ணீருக்குள் கேமரா இறக்கிப் பார்த்தார்கள். 2012-இல் அந்தக் குழு, அணை பாதுகாப்பாக இருக்கிறது என்று அறிக்கை தந்தது. 2014 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அணையைக் கவனிக்க ஒரு மேற்பார்வைக் குழுவும் அமைக்கப்பட்டது.

இரண்டு நிபுணர் குழுக்கள். இரண்டு விடைகள். ஆச்சரியப்பட வேண்டாம். பொருளின் பலம் எவ்வளவு, நிலநடுக்கம் எவ்வளவு பெரியது என்று எந்த எண்ணைக் கொள்கிறோமோ, அதற்கேற்பவே விடை அமையும். அதனால் விடையை மட்டும் கேட்டால் போதாது. எண் எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும்.

ஒருமுறை சோதித்தால் போதுமா? அதுவும் போதாது. பொருளுக்கும் வயது ஏறும். பாலக்காடு மாவட்டத்தில் பரம்பிக்குளம் அணை உள்ளது. 2022 செப்டம்பர் 21-ஆம் தேதி அதிகாலை, அங்கே ஒரு மதகின் எதிர் எடையைத் தாங்கிய சங்கிலி அறுந்தது. தண்ணீர் பீறிட்டு வெளியேறிச் சாலக்குடி ஆற்றில் பாய்ந்தது. கரையோர மக்கள் எச்சரிக்கப்பட்டார்கள். அணைச் சுவர் அசையாமல் நின்றது. கைவிட்டது இரும்புச் சங்கிலி. அணை என்றால் சுவர் மட்டும் அல்ல. சங்கிலியும் மதகும்கூட அணைதான். எல்லாவற்றையும் காலாகாலத்தில் சோதிக்க வேண்டும்.

பெரியோர்களே! அணையைப் பற்றி டீக்கடையில் பலர் பலவிதமாகப் பேசுவார்கள். 'நாளைக்கே உடைந்துவிடும்' என்பார் ஒருவர். 'ஆயிரம் ஆண்டு நிற்கும்' என்பார் இன்னொருவர். இருவரும் மாதிரித் துண்டைப் பார்த்தவர்கள் அல்ல.

இன்று உங்களுக்கு எழுத்துத் தெரியும். எண்ணும் தெரியும். செய்தித்தாளில் அணையைப் பற்றிச் செய்தி வந்தால் நிதானமாகப் படியுங்கள். எதைச் சோதித்தார்கள்? எந்த ஆண்டில் சோதித்தார்கள்? எத்தனை இடத்தில் மாதிரி எடுத்தார்கள்? இந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். அணைக்குக் கீழே வாழ்பவரும் கேட்கலாம். அணைத் தண்ணீரில் பயிர் செய்பவரும் கேட்கலாம். ஒரே அணையை நம்பி வாழும் இருவருக்கும் வேண்டியது ஒரே உண்மைதான்.

பானையைத் தட்டிப் பார்த்து வாங்கும் அதே கவனம் அணைக்கும் வேண்டும்.