பிரேக் மிதி தாழ்ந்தால்



வேலூரிலிருந்து ஆம்பூர் வழியாக வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டிச் செல்லும் நெடுஞ்சாலை விடியற்காலையிலேயே விழித்துக்கொள்கிறது. சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து காலணித் தொழிற்சாலைகளுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு வேன்கள் விரைகின்றன. உப்பிட்ட தோலையும் பதனிட்ட தோலையும் சுமந்துகொண்டு சிறு லாரிகள் இராணிப்பேட்டைக்கும் பேரணாம்பட்டுக்கும் போகின்றன. இவற்றில் செல்லும் மக்கள் அனைவரும் ஓட்டுநரின் வலக்காலுக்குக் கீழே இருக்கும், உள்ளங்கை அகலமே கொண்ட ஒரு மிதியை நம்பியே பயணம் செய்கின்றனர். அந்தப் பிரேக் மிதி ஒரு நாள் மெத்தென்று அமுங்கினால், அல்லது மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போனால், அதற்கு என்ன பொருள்? அதைக் குறித்தே இன்று பேச விரும்புகிறேன்.

நான் யந்திரத் தொழில் பயின்றவன் அல்லன். பல ஆண்டுகள் விஞ்ஞானப் பாடம் நடத்திய ஆசிரியன். ஆயினும் இது எட்டாம் வகுப்பு மாணவனுக்கு எட்டாத செய்தி அன்று. பேருந்துகளிலும் கனரக லாரிகளிலும் உள்ள காற்றழுத்தப் பிரேக்கின் முறை வேறு. அதை இங்கே விட்டுவிடுகிறேன். கார், வேன், சிறு லாரி, ஆட்டோ ஆகியவற்றில் உள்ள திரவ பிரேக்கையே எடுத்துக்கொள்கிறேன்.

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம், குறையாமல் எல்லாப் பக்கங்களிலும் சமமாகப் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்டறிந்தார். பிரேக் இந்த விதியால்தான் வேலை செய்கிறது. மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டன் நகர்ந்து பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் மெல்லிய குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் சென்று, அங்குள்ள பிஸ்டன்களைத் தள்ளி, பேடையோ ஷூவையோ சக்கரத்தோடு சுழலும் பாகத்தின்மேல் அழுத்துகிறது. தள்ளும் பிஸ்டனின் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர், சக்கரத்துப் பிஸ்டனின் பரப்பு நான்கு சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அங்கே விசை நான்கு மடங்காகிறது. இவ்வளவும் நடைபெற இரண்டு நிபந்தனைகள் உண்டு. குழாய்க்குள் திரவத்தைத் தவிர வேறொன்றும் இருத்தல் கூடாது; அத்திரவம் எங்கும் வழிந்து தப்பவும் கூடாது. மிதி தளர்ந்தால் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்று மீறப்பட்டிருக்கும்.

திரவத்தைத் தப்பவிடாமல் காப்பது சிலிண்டருக்குள் இருக்கும் கிண்ணம் போன்ற சிறு ரப்பர் வளையம். தொழிலாளர் இதனைக் 'கப்' என்பர். தோல் தொழிலுக்குப் பேர்போன நம் பகுதியினர் இதன் வரலாற்றைக் கேட்டால் மகிழ்வர். அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் என்பவர் 1917-ஆம் ஆண்டளவில் திரவ பிரேக்கை உருவாக்கியபோது, அந்தக் கப் பதனிடாத தோலால் ஆனது. தோல் உலர்ந்தால் சுருங்கும் என்பதை ஆம்பூரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அது சுருங்கிய இடத்தில் எண்ணெய் கசிந்தது. 1924-இல் வெளிவந்த கிரைஸ்லர் காரில் பொறியாளர்கள் தோலை நீக்கி ரப்பரை வைத்தார்கள். நம் ஊர் அடிபம்பிலும் சைக்கிள் பம்பிலும் தோல் வாசர் இருந்ததைப் பலரும் அறிவீர்கள். அந்த வாசர் தேய்ந்துவிட்டால் என்ன நிகழ்கிறது? கைப்பிடி மேலும் கீழும் இலேசாகப் போய்வரும். தண்ணீரோ மேலே ஏறாது, வாசரின் ஓரமாக வழிந்து உள்ளேயே இறங்கிவிடும். பிரேக்கிலும் இதுவே நிகழ்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நோயைக் கண்டறியும் முறைக்கு வருவோம். மிதி தளர்வதில் மூன்று வகைகள் உண்டு. மூன்றையும் 'பிரேக் சரியில்லை' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால்தான் தவறான சிகிச்சை நடக்கிறது.

முதல் வகையில், மிதி பஞ்சு மெத்தைபோல் அமுங்கி, காலை மேல்நோக்கித் தள்ளுகிறது. இது குழாய்க்குள் காற்று புகுந்ததன் அடையாளம். திரவம் சுருங்காது, காற்றோ சுருங்கும். நம் கால் கொடுக்கும் விசை காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகிறது. 'ஏர் பிடித்திருக்கிறது' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். பழைய ரப்பர் குழாய் அழுத்தத்தில் உப்பினாலும் இதே உணர்வு தோன்றும். இவ்வகையில் மற்றொன்றும் உண்டு. சமவெளியில் நன்றாக இருந்த மிதி, மலையிறக்கத்தில் நெடுநேரம் பிரேக் பிடித்தபின் மெத்தென்று ஆகி, வண்டி ஆறியதும் பழையபடி ஆகிவிடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 என்னும் தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அதற்கு விதிக்கப்பட்ட எல்லை 155 டிகிரியே. இறக்கத்தில் சூடேறிய சக்கரத்தில் அந்த ஆயில் கொதித்து ஆவியாகிறது. ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும். ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரில் இறங்காமல், காலைப் பிரேக்கிலேயே வைத்து இறங்குவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டாம் வகையில், முதல் மிதிக்கு மிதி வெகுதூரம் கீழே போகிறது. உடனே மறுமுறை மிதித்தால் உயரத்திலேயே கெட்டியாக நின்றுவிடுகிறது. இங்கே காற்றுமில்லை, கசிவுமில்லை. டிரம் பிரேக்கில் ஷூ தேய்ந்து, டிரம்முக்கும் அதற்கும் இடைவெளி கூடிவிட்டது. ஆம்பூரில் ஷூ என்றால் வேறொன்று நினைவுக்கு வரும். ஆயினும் இரண்டும் தேய்வதற்கென்றே பிறந்தவை. ஷூவைச் சரிபார்த்து இடைவெளியைக் குறைத்தால், அல்லது புதிய ஷூ போட்டால், குறை நீங்கும்.

மூன்றாம் வகையே மிகவும் அஞ்சத்தக்கது. மிதி முதலில் நன்றாகவே நிற்கிறது. காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால், மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்குகிறது. திரவம் எங்கோ தப்புகிறது என்பதே இதன் பொருள். வெளியே தப்புகிறதா, உள்ளேயே தப்புகிறதா என்பதை ஆயில் டப்பா சொல்லும். டப்பாவில் மட்டம் குறைந்துகொண்டே வந்தால் கசிவு வெளியே இருக்கிறது. சக்கரங்களின் உட்புறம், ரப்பர் குழாய்களின் மூட்டு, மிதிக்குப் பின்னால் மாஸ்டர் சிலிண்டர் பொருந்தியுள்ள இடம் ஆகியவற்றில் ஈரம் தென்படும். பேட் தேயத் தேய மட்டம் சிறிது இறங்குவது இயற்கையே. சில நாட்களிலேயே இறங்குவது இயற்கையன்று. மட்டம் சிறிதும் குறையாமல் மிதி மட்டும் தாழ்ந்தால், மாஸ்டர் சிலிண்டருக்குள் கப் தேய்ந்து, அடிபம்பின் வாசரைப் போலத் திரவத்தைப் பக்கவாட்டில் வழியவிடுகிறது என்று முடிவு செய்யலாம்.

சோதிக்கும் முறை எளிது. சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். யந்திரத்தை நிறுத்திவிட்டு, மிதியை நான்கைந்து முறை மிதித்து, பூஸ்டரில் எஞ்சியுள்ள உதவியைத் தீர்த்துவிடுங்கள். பின்னர் ஒரே அழுத்தத்தில் மிதித்து, முப்பது எண்ணும் வரை காலை எடுக்காதீர்கள். மிதி அசையாமல் நிற்க வேண்டும். இதை ஒருமுறை பலமாகவும், ஒருமுறை மென்மையாகவும் செய்யுங்கள். ஏனெனில் தேய்ந்த கப் பலத்த அழுத்தத்தில் விரிந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு தன் குறையை மறைத்துவிடலாம்; மென்மையான அழுத்தத்தில்தான் அது வெளிப்படும். இறுதியில், காலை மிதியின்மேல் வைத்தபடியே யந்திரத்தைக் கிளப்புங்கள். மிதி ஓர் அங்குலத்துக்கும் குறைவாக இறங்கி நின்றுவிட்டால் அஞ்ச வேண்டா; அது பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம். நில்லாமல் தொடர்ந்து இறங்கினால்தான் நோய்.

ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. நான் பணியில் இருந்த காலத்தில் மாணவர்களை வாடகை வேன் ஒன்றில் ஏலகிரிக்கு அழைத்துச் சென்றோம். ஏறும்போதே ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் இருமுறை மிதிப்பதைக் கவனித்தேன். "ஏன் தம்பி, இரண்டு தரம் மிதிக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "பழகிப்போயிற்று சார். இரண்டு மிதி மிதித்தால் பிடித்துக்கொள்ளும்" என்றார். மேலே சேர்ந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி மிதியை அழுத்திப் பார்த்தோம். அது நில்லாமல் இறங்கியது. டப்பாவிலோ ஆயில் நிறைந்திருந்தது. அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்ற நான் இசையவில்லை. எல்லாரும் அரசுப் பேருந்தில் கீழே வந்தோம். மறுநாள் சிலிண்டரைப் பிரித்தபோது கப்பின் விளிம்பு தேய்ந்து கிழிந்திருந்ததாக ஓட்டுநரே வந்து சொன்னார். அவர் திறமையற்றவர் அல்லர். வண்டியின் குறையைத் தம் காலின் சாமர்த்தியத்தால் சரிக்கட்டிக்கொண்டு வந்தார். அந்தச் சாமர்த்தியமே குறையை அவருடைய கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

இருமுறை மிதிப்பதும், டப்பாவில் ஆயிலை ஊற்றிக்கொண்டே இருப்பதும் சிகிச்சை ஆகா. காய்ச்சல் மானியைக் கவிழ்த்து வைத்தால் காய்ச்சல் போய்விடுமா? காற்று புகுந்திருந்தால், அது புகுந்த வழியை அடைத்த பின்னரே ஏர் எடுக்க வேண்டும். அவ்வாறு எடுக்கையில், பழைய வண்டியின் மிதியைத் தரை வரை அழுத்தலாகாது. சிலிண்டரின் வழக்கமாகப் பயன்படாத பகுதியில் துரு ஏறியிருக்கும். கப் அதன்மேல் உரசிக் கிழியும். மிதிக்கடியில் ஒரு மரத்துண்டை வைப்பது நல்ல வழக்கம். பிரேக் ஆயிலுக்குப் பதிலாக இஞ்சின் ஆயிலை ஒரு துளிகூட ஊற்றக் கூடாது. அது ரப்பரை ஊதச் செய்து கெடுத்துவிடும். வெகுநாள் திறந்து கிடந்த டின்னில் உள்ள ஆயிலும் வேண்டா. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழைய ஆயிலை முழுவதும் மாற்றிவிடுவது நலம்.

ஓடும்போதே மிதி தாழ்ந்துவிட்டால், பதறாமல் விரைந்து பலமுறை மிதியுங்கள், கியரைக் குறையுங்கள், கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள். இக்கால வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் இரு பிரிவாக அமைந்திருப்பதால், ஒன்று பழுதானாலும் மற்றொன்று ஓரளவு பிடிக்கும். அது வண்டியை ஓரமாக நிறுத்துவதற்கான உதவியே. வீடு வரை ஓட்டிச் செல்வதற்கான அனுமதி அன்று.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 190-ஆம் பிரிவில், ஆபத்து விளைவிக்கக்கூடிய குறையை அறிந்தே வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவதை மட்டுமன்றி, சாதாரணக் கவனத்தால் அறிந்திருக்கக்கூடிய குறையோடு ஓட்டுவதையும் குற்றமாக்குகிறது. மிதியை முப்பது எண்ணும் வரை அழுத்திப் பார்ப்பது அத்தகைய சாதாரணக் கவனந்தானே?

வண்டி வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. மிதி தாழ்கிறது என்று ஓட்டுநர் வந்து சொன்னால், அன்றைய நடை தவறுமே என்று அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்துகொண்டால் மறுமுறை அவர் சொல்லமாட்டார். இருமுறை மிதிக்கக் கற்றுக்கொள்வார். அன்றாடம் வேனில் வேலைக்குச் செல்லும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. ஓட்டுநர் நிறுத்தும்போதெல்லாம் மீண்டும் மீண்டும் மிதிப்பதைக் கண்டால், 'பிரேக்கைப் பார்த்தீர்களா, அண்ணா?' என்று கேளுங்கள். அது குறை கூறுவதாகாது. அவரும் அதே வண்டியில்தான் வருகிறார்.

நாளைக் காலை வண்டியை நகர்த்துமுன் மிதியை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். நிற்காவிட்டால் வண்டி அங்கேயே நிற்கட்டும்.