மின்சாரக் கணக்கைக் கேட்ட ஊர்

(பங்கின் பொன்விழாவையொட்டிப் பங்கு மண்டபத்தில் நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு, 'மின்சாரச் சிக்கனத்தில் நகர ஆலோசனைக் குழுக்களின் பங்கு' என்பது. தலைப்பைக் கேட்டதும் உங்களில் சிலர் கடிகாரத்தைப் பார்த்தீர்கள். அது நியாயந்தான். ஆலோசனைக் குழு என்றால் நம் மனத்தில் என்ன சித்திரம் எழுகிறது? மேசைமீது தேநீரும் பிஸ்கட்டும், ஒரு தீர்மானம், அடுத்த கூட்டத்திற்கு ஒரு தேதி. கையில் அதிகாரமும் இல்லை, பையில் பணமும் இல்லை. இப்படிப்பட்ட குழு எந்த விளக்கை அணைக்கும், எந்த விளக்கை ஏற்றும்?

இதற்கு நான் தத்துவமாக விடை சொல்லப் போவதில்லை. நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். இடம், அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள சியாட்டல் நகரம். ஆண்டு 1976. அதன்பின் அதே வட்டாரத்தில் ஹூட் ரிவர் என்னும் சிற்றூருக்கும் உங்களை அழைத்துப் போவேன்.

சியாட்டலில் மின்சாரம் தனியார் கம்பெனியுடையது அன்று. நகரத்தாருடைய சொந்தச் சொத்து. 1902-இல் அந்நகர மக்கள் வாக்களித்து, தங்களுக்கென ஒரு நீர்மின் நிலையம் வேண்டுமென்று தீர்மானித்தார்கள். 1905-இல் சீடர் ஆற்றிலிருந்து மின்சாரம் வந்தது. பிறகு ஸ்காஜிட் ஆற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அணைகள் எழுந்தன. மலையிலிருந்து விழும் தண்ணீருக்கு யாரும் விலை கேட்பதில்லை; ஆகவே மின்சாரம் மிக மலிவு. மலிவான பொருளை மக்கள் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சமையல், வெந்நீர், எல்லாவற்றிற்கும் மேலாகக் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவது, இத்தனையும் மின்சாரத்தில் நடந்தன. நகர மின்துறையே, 'இன்னும் தாராளமாகச் செலவழியுங்கள்' என்று பல ஆண்டுகள் மக்களை ஊக்குவித்து வந்தது.

அக்காலத்தில் மின்துறை நிபுணர்களிடம் ஒரு வாய்ப்பாடு இருந்தது. தேவை ஆண்டுக்கு நூற்றுக்கு 7 வீதம் வளரும். எனவே பத்தாண்டில் இரட்டிப்பாகும் என்பது அந்த வாய்ப்பாடு. வட்டிக்கு வட்டி கணக்குத் தெரிந்தவர்களுக்கு இதன் விபரீதம் உடனே புரியும். பத்தாண்டில் இரண்டு மடங்கு, இருபதாண்டில் நான்கு மடங்கு, நாற்பதாண்டில் பதினாறு மடங்கு! இத்தனைக்கும் ஆறுகள் ஏது? நல்ல ஆறுகளிலெல்லாம் ஏற்கெனவே அணை கட்டியாயிற்று. ஆகவே வாஷிங்டன் பொது மின்வழங்கல் அமைப்பு என்ற நிறுவனம் ஐந்து அணுமின் நிலையங்களைக் கட்டத் திட்டமிட்டது. அவற்றில் நான்காவது, ஐந்தாவது நிலையங்களில் பத்தில் ஒரு பங்கைச் சியாட்டல் வாங்க வேண்டுமென்று நகர மின்துறை யோசனை கூறியது.

அந்த அதிகாரிகளை முட்டாள்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1973-இல் அந்தப் பிரதேசத்தில் மழை பொய்த்து அணைகளில் நீர் இறங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் எண்ணெய்த் தடையும் வந்தது. நகரம் இருளில் மூழ்கினால் பழி யார்மேல் விழும்? மின்துறைமேல்தான். விளக்கு எரியாவிட்டால் திட்டுகிற ஜனங்கள், அதிகமாகக் கட்டிவிட்டால் உடனே திட்டுவதில்லை. பில் வரும்போதுதான் திட்டுவார்கள். அதற்குள் அதிகாரி ஓய்வு பெற்றிருப்பார்.

ஆனால் சியாட்டல் மக்களுக்கு வேறோர் அனுபவமும் இருந்தது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் போயிங் விமானத் தொழிற்சாலை பல்லாயிரம் பேரை வேலையிலிருந்து நீக்கியது. 1971-இல் ஊருக்கு வெளியே சாலையோரத்தில் ஒரு விளம்பரப் பலகை எழுந்தது. சியாட்டலை விட்டுக் கடைசியாகப் போகிறவர் தயவுசெய்து விளக்குகளை அணைத்துவிட்டுப் போவாரா என்று அதில் எழுதியிருந்தது! வளர்ச்சி என்பது இயற்கையின் சட்டமன்று, நின்றும் போகலாம் என்பதை அந்த ஊர் கண்ணால் கண்டிருந்தது.

சுற்றுச்சூழலில் அக்கறை கொண்டவர்கள், 'முதலில் முழுமையாக ஆராயுங்கள், பிறகு கையெழுத்துப் போடுங்கள்' என்று வற்புறுத்தினார்கள். நகரம் இணங்கியது. '1990-இல் எரிசக்தி' என்ற பொருள்பட ஓர் ஆய்வு தொடங்கியது. அந்த ஆய்வை உடனிருந்து கவனிக்கக் குடிமக்களைக் கொண்ட ஒரு மேற்பார்வைக் குழு அமைந்தது. நம் கதாநாயகர் இந்தக் குழுதான். முடிவு செய்யும் அதிகாரம் நகர மன்றத்துக்குத்தான். குழுவுக்கு இருந்ததோ கேட்கும் உரிமை மட்டும்.

அந்த ஆய்வும் அதைச் சுற்றி நடந்த விவாதமும் அடிப்படையில் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டன. இத்தனை மின்சாரம் வேண்டும் என்கிறீர்களே, இந்த எண் எங்கிருந்து வந்தது?

கேட்பதற்கு எளிதான கேள்வி. ஆனால் எந்த ஊரிலும் இந்தக் கேள்வியைக் கேட்கப் பாமரருக்குத் துணிவு வருவதில்லை. நிபுணர் தாளில் கோடு போட்டுக் காட்டுகிறார்; கோடு மேல்நோக்கிப் போகிறது; நாமும் தலையாட்டுகிறோம். கடந்த இருபதாண்டுக் கோட்டின்மேல் அளவுகோலை வைத்து, அதே சாய்வில் வருங்காலத்துக்கும் நீட்டினால் அதற்கு மதிப்பீடு என்று பெயர். பத்து வயதுப் பையன் வளர்ந்த வேகத்தை அப்படியே நீட்டினால், ஐம்பது வயதில் அவன் கோவில் மணிக்கூண்டை எட்ட வேண்டும்.

அந்தக் கோட்டில் விடுபட்டிருந்தது விலை. பழைய அணைகளின் மின்சாரம் மலிவு. புதிய அணு நிலையத்தின் மின்சாரமோ பல மடங்கு விலை. இரண்டையும் கலந்தால் கட்டணம் ஏறும். கட்டணம் ஏறினால் மக்கள் கையைச் சுருக்குவார்கள். தேவை வளரும் வேகம் குறையும். தேவை குறைந்தால், அந்தத் தேவைக்காகவே கட்டிய நிலையத்தின் மின்சாரத்தை வாங்குவது யார்? வாங்க ஆளில்லாவிட்டாலும் கடனுக்கு வட்டி கட்டித்தானே ஆகவேண்டும்? அதற்காகக் கட்டணம் மறுபடியும் ஏறும். ஆண்டுக்கு 7 வீதம் என்பதை 3 வீதமாக மாற்றிப் பாருங்கள். இரட்டிப்பாகப் பத்தாண்டு போதாது, ஏறத்தாழ இருபத்துநான்கு ஆண்டு பிடிக்கும். நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பதே இந்தச் சிறு எண்ணில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாவது பக்கம் சிக்கனம். இங்கே சூடு வெளியிலிருந்து வீட்டுக்குள் வருகிறது. அங்கே வீட்டுச் சூடு வெளியே ஓடுகிறது. கூரைக்குக் கீழே கண்ணாடிப் பஞ்சு பரப்பாத வீடு, மூடியில்லாத பிளாஸ்க் போன்றது. ஊற்றுகிற வெந்நீரெல்லாம் ஆறிக்கொண்டே இருக்கும். பஞ்சு பரப்பி, ஜன்னல் இடுக்குகளை அடைத்து, வெந்நீர்த் தொட்டிக்குப் போர்வை சுற்றிவிட்டால், அதே கதகதப்புக்குக் குறைந்த யூனிட் போதும். செலவாகாத ஒரு யூனிட்டும் நிலையத்தில் உற்பத்தியான ஒரு யூனிட்டுக்குச் சமானந்தான். சொல்லப்போனால் சற்றுக் கூடுதல். ஏனென்றால் மிச்சப்பட்ட யூனிட் நூறு மைல் கம்பியில் பயணம் செய்து வழியிலே கரைவதில்லை. இந்த யூனிட்டுக்கு எத்தனை டாலர், அந்த யூனிட்டுக்கு எத்தனை டாலர் என்று இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தார்கள். அதுவரை சிக்கனம் என்பது கஷ்டகாலத்து உபதேசமாக இருந்தது. இப்போது அது கணக்கேட்டில் ஒரு வரியாக ஏறியது.

முடிவெடுக்கும் நேரத்தில் நெருக்கடியும் வந்தது. 1976 ஜூனில், அந்தப் பிரதேசம் முழுவதற்கும் மொத்தமாக மின்சாரம் விற்கும் மத்திய அரசு நிறுவனமான பானவில், '1983-க்குப் பிறகு உங்கள் கூடுதல் தேவைக்கு எங்களால் உத்தரவாதம் தர முடியாது' என்று பொது மின்துறைகளுக்கெல்லாம் அறிவிப்பு அனுப்பியது. பயந்துபோன ஊர்கள் வரிசையில் நின்று கையெழுத்திட்டன. மொத்தம் 88 மின்துறைகள் அந்த இரு நிலையங்களில் பங்கேற்றன. சியாட்டல் நகர மன்றமோ 1976 ஜூலையில், பங்கு வேண்டாம், சிக்கனத்தின் வழியே போவோம் என்று பெரும்பான்மையாக வாக்களித்தது. அந்த முடிவுக்கு எத்தனை துணிவு வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். கணக்குத் தவறியிருந்தால், ஏழாண்டு கழித்துக் குளிர்காலத்தில் நடுங்குகிற குழந்தைகளின் பெற்றோர் நகர மன்றத்தின் வாசலில் வந்து நின்றிருப்பார்கள்.

அப்படி ஒருவரும் வந்து நிற்கவில்லை. 1981-க்குள் ஐந்து நிலையங்களின் மதிப்பீட்டுச் செலவு ஏறத்தாழ 2,400 கோடி டாலராக வீங்கியது. 1982 ஜனவரியில் நான்காவதும் ஐந்தாவதும் பாதியிலேயே கைவிடப்பட்டன. 1983 ஜூனில், அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட ஊர்களுக்கு அதிகாரமே இல்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த மாதம் 225 கோடி டாலர் கடன் பத்திரங்களுக்குப் பணம் தர இயலாமல் நிறுவனம் கைவிரித்தது. அமெரிக்காவில் அதுவரை அத்தனை பெரிய பொதுக்கடன் எதுவும் முறிந்ததில்லை. நிறுவனத்தின் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஊப்ஸ்' என்று மக்கள் கேலி செய்தார்கள். நாம் தடுக்கி விழும்போது 'ஐயையோ' என்கிறோமே, அது போன்ற சொல். பத்திரத்தை வாங்கியவர்களில், வாழ்நாள் சேமிப்பைப் பத்திரமாக இருக்கட்டுமென்று போட்ட முதியவர்களும் இருந்தார்கள். சாட்சாப் என்ற இடத்தில், ஒருநாளும் நீராவி காணாத இரண்டு பிரம்மாண்டமான குளிர்விப்புக் கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன.

இங்கே இரண்டு உண்மைகளை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சியாட்டல் முழுவதும் தப்பிவிடவில்லை. முதல் மூன்று நிலையங்களின் சுமை பானவில் விற்ற மின்சாரத்தின் விலை வழியாக அந்நகரத்தார்மீதும் விழுந்தது. மேலும், இந்தக் கதையை அணுசக்திக்கு எதிரான பிரசங்கமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாவது நிலையம் 1984-இல் முடிந்து இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. கேள்வி அணுவைப் பற்றியதன்று, எண்ணைப் பற்றியது.

சியாட்டல் 1977 முதல் சிக்கனத் திட்டங்களை இடைவிடாமல் நடத்தி வருகிறது. 1980 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் வாஷிங்டன், ஆரிகன், ஐடஹோ, மொன்டானா ஆகிய நான்கு வடமேற்கு மாநிலங்களுக்காக ஒரு சட்டம் இயற்றியது. புதிய மின்சாரம் வேண்டுமென்றால் முதலிடம் சிக்கனத்துக்கு. செலவுக் கணக்கில் அதற்கு நூற்றுக்குப் பத்து சலுகையும் உண்டு என்று அது கூறியது.

சட்டம் சொல்லிவிட்டது. வீட்டுக்காரர் கதவைத் திறக்க வேண்டாமா? அதைச் சோதித்துப் பார்த்த இடந்தான் ஆரிகன் மாநிலத்து ஹூட் ரிவர். கொலம்பியா ஆற்றங்கரை; பேரிக்காய், ஆப்பிள் தோட்டங்கள்; ஓயாத காற்று. 1980-களின் நடுவில், ஏறத்தாழ இரண்டு கோடி டாலர் செலவில், அங்கே மின்சாரத்தால் சூடேற்றும் வீடுகள் அனைத்தையும் கதகதப்பாக்க முயன்றார்கள். பணம் கொடுத்தது பானவில். நடத்தியது ஒரு தனியார் மின்கம்பெனி. யோசனை கொடுத்தது, மின்கம்பெனிகளோடு வழக்காடுவதையே வழக்கமாகக் கொண்ட ஓர் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம். மாமியார் மருமகள் போன்ற இவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள். அந்த ஊர்க்காரர்களையே கொண்ட ஓர் ஆலோசனைக் குழுவும் அமைத்தார்கள்.

இலவசம் என்று சொன்னால் சந்தேகப்படாத மனிதர் எந்த நாட்டிலும் இல்லை. 'கம்பெனிக்காரன் சும்மா வந்து பஞ்சு வைப்பானா? உள்ளே என்ன சூது?' என்றுதான் தோன்றும். அந்தச் சந்தேகத்தைப் பத்திரிகை விளம்பரம் தீர்ப்பதைக் காட்டிலும், 'எங்கள் வீட்டில் வைத்தார்கள், நன்றாக இருக்கிறது' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதே அதிகம் தீர்த்தது. ஏறத்தாழ 3,000 வீடுகள். நூற்றுக்கு 85 வீடுகள் வேலையை ஏற்றுக்கொண்டன. அது மிக உயர்ந்த பங்கேற்பு.

ஆனால் மிச்சம் எவ்வளவு? இங்கேயும் ஓர் எண் பொய்த்தது, இம்முறை சிக்கனக்காரர்களின் எண். வீடொன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 2,600 யூனிட் மிச்சமாயிற்று. மொத்தச் செலவில் நூற்றுக்கு 15. நிபுணர்கள் எதிர்பார்த்ததோ இதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். ஏன் என்று வீடு வீடாகப் பார்த்தார்கள். கட்டண உயர்வைத் தாங்க மாட்டாமல், திட்டம் வருமுன்பே பலர் மின்சூட்டைக் குறைத்து விறகு அடுப்புக்கு மாறியிருந்தார்கள். எரியாத மின்சாரத்தை எப்படி மிச்சப்படுத்துவது? சில வீடுகளில், பஞ்சு வைத்தபின், இதுவரை குளிரில் உட்கார்ந்திருந்தவர்கள் சற்று இதமாக இருக்கட்டுமென்று சூட்டைக் கூட்டிக்கொண்டார்கள். அதை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு மூதாட்டி இரண்டு கம்பளியைக் கழற்றி வைப்பதும் மின்சாரத்தால் ஆகிய நன்மைதானே?

பாராட்ட வேண்டிய ஒன்று உண்டு. அந்த எண்ணையும் மறைக்காமல் அச்சிட்டு ஊரறியச் செய்தார்கள். அதன்பின் வந்த சிக்கனத் திட்டக்காரர்களுக்கு, பழைய பில்களையும் விறகு அடுப்பையும் முதலில் பார்க்க வேண்டுமென்று அது காட்டியது.

சியாட்டலில் 2010-இலிருந்து நுகர்வோரைக் கொண்ட ஒரு பரிசீலனைக் குழு, நகர மின்துறையின் திட்டத்தையும் கட்டண உயர்வையும் பார்த்து மேயருக்கும் மன்றத்துக்கும் கருத்துக் கூறி வருகிறது. இதற்கும் அதிகாரம் கிடையாது. அவர்கள் மேசையிலும் தேநீர் இருக்கக்கூடும்.

நம் தேநீரும் வந்துவிட்டதென்று விழாக் குழுச் செயலர் சைகை காட்டுகிறார். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் குடித்துவிட்டுக் கேட்கலாம். நான் இங்கேயேதான் இருப்பேன்.