நர்ஸம்மாவுக்கே வந்துச்சே, அப்புறம் எதுக்கு ஊசி?

(மீஞ்சூர் வட்டார உறுப்பினர் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் பேசியது)



பழவேற்காடு பக்கம் எந்தக் குப்பத்துக்குப் போனாலும் எங்களிடம் இதைத்தான் கேட்கிறார்கள். "நர்ஸம்மா ரெண்டு ஊசி போட்டவங்க. அவங்களுக்கே கொரோனா வந்துச்சு. அப்புறம் எதுக்கு ஊசி?" நியாயமான கேள்விதான். ஆனால் பதில் தெரியாமல் விட்டால், பிள்ளைகளுக்குப் போட வேண்டிய ஊசியையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறோம்.

நம் நாட்டில் 2021 ஜனவரி 16-ல் முதலில் ஊசி போட்டது மருத்துவமனை ஊழியர்களுக்குத்தான். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சுமார் 10,600 பேர் வேலை செய்தார்கள். இரண்டாம் அலை அடித்தபோது அவர்களைக் கணக்கெடுத்தார்கள். இரண்டு ஊசியும் போட்டவர்களுக்கு, போடாதவர்களைவிட நோய் தொற்றுவது 65 சதவீதம் குறைவு. ஆஸ்பத்திரியில் படுப்பது 77, ஆக்சிஜன் வைப்பது 92, தீவிர சிகிச்சைக்குப் போவது 94 சதவீதம் குறைவு. எண்களை வரிசையாப் பாருங்க. காய்ச்சலைத் தடுப்பதைவிட உயிரைக் காப்பதில்தான் ஊசி கெட்டி.

ஏன் அப்படி? ஊசி போட்ட சில வாரத்தில் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் ஏறும். மாதம் போகப் போக அது இறங்கும். எல்லார் உடம்பிலும் நடப்பதுதான். ஆனால் கிருமியின் முகத்தை ஞாபகம் வைத்திருக்கும் அணுக்கள் உள்ளே இருக்கும். அவை எழுந்து வர சில நாள் ஆகும். அதற்குள் சளி, காய்ச்சல் வந்துவிடும். நுரையீரல் கெடுவதற்குள் பெரும்பாலும் பிடித்துவிடும். 2021 கடைசியில் கிருமியும் வேஷம் மாறி ஒமிக்ரானாக வந்தது. அதனால் 2022 ஜனவரி 10 முதல், இரண்டாம் ஊசி போட்டு 9 மாதம் ஆன சுகாதார ஊழியர்களுக்கு இன்னொரு ஊசி போட்டார்கள். பிறகு அந்த இடைவெளியை 6 மாதமாகக் குறைத்தார்கள்.

எல்லா ஊசியும் இப்படித்தானா என்றால், இல்லை. ரத்தத்தோடு புழங்கும் நர்ஸ்களுக்கு மஞ்சள் காமாலை பி ஊசி மூன்று தவணை உண்டு. பரிசோதனையில் அளவு 10-ஐத் தொட்டுவிட்டால், பின்னால் அது இறங்கினாலும் நல்ல உடம்புக்காரர்களுக்கு மறுபடி வேண்டாம். அந்தக் கிருமி பெருக வாரக்கணக்கில் ஆகும். ஞாபக அணுக்களுக்கு நேரம் கிடைக்குது.

ரண ஜன்னி அப்படியில்லை. நமக்கு முக்கியமானது இதுதான். அதன் நஞ்சு துளி இருந்தாலே நரம்பைப் பிடிக்கும், ஞாபகம் எழும்பும்வரை காத்திருக்காது. அதனால் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் தயாராகவே இருக்கணும். ஒருமுறை வந்து பிழைத்தவர்களுக்குக்கூட எதிர்ப்பு சக்தி வராது. ஏரிச் சேற்றில் இறங்கி இறால் தடவும்போது மட்டி ஓடு கிழிக்கிறது, நண்டு கடிக்கிறது, மீன் முள் ஏறுகிறது. மஞ்சளை அப்பிவிட்டு மறுபடி தண்ணீரில் இறங்குகிறோம்! முதலில் சோப்புப் போட்டுக் கழுவுங்க. அழுக்குக் காயம் பட்டு, கடைசி ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தால் மறுபடி போடணும். அதற்காக ஒவ்வொரு கீறலுக்கும் போட வேண்டியதில்லை; அடிக்கடி போட்டால் கைதான் வீங்கும்.

பிள்ளைகளுக்குக் கைக்குழந்தையில் போட்டதோடு முடியவில்லை. ஒன்றரை வயதில், 5 வயதில், 10-ல், 16-ல் என்று திரும்பப் போடுவது இறங்கின சக்தியை ஏற்றத்தான். நம்மில் பலர் 5 வயசு வரை சரியாகப் போட்டுவிட்டு, 10-ஐயும் 16-ஐயும் விட்டுவிடுகிறோம். பையன் வலைக்குப் போக ஆரம்பிப்பதே அந்த வயசில்தான். மாசமாக இருக்கும் பெண்களுக்குப் போடும் ஊசி பிறக்கும் குழந்தையையும் சேர்த்துக் காக்கும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் உள்ள எல்லா ஊசி அட்டையும் எடுத்துக்கிட்டு வாங்க. அட்டை தொலைந்திருந்தால் பிள்ளையின் வயதை மட்டும் எழுதிக் கொண்டு வாங்க. கிராம சுகாதார செவிலியரோடு உட்கார்ந்து, யாருக்கு எது விட்டுப்போச்சு என்று குழு வாரியாகப் பார்ப்போம்.