"புறக்கணிப்போம்" என்று பதிவிடுவதற்கு முன் மூன்று கேள்விகள்

(நமது மாவட்டத் தகவல் தொழில்நுட்ப அணியின் பயிற்சி முகாமில் தன்னார்வலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். முழுசா படிச்சுட்டுப் பகிருங்க.)



எனக்குக் கொடுத்த தலைப்பு ஹேஷ்டேக் பிரசாரம். எத்தனை மணிக்குப் போடணும், போஸ்டர் எந்த சைஸ்ல இருக்கணும், இதெல்லாம் எனக்கு முன்னாடி பேசின அண்ணன் தெளிவா சொல்லிட்டார். அதனால நான் ஒரே ஒரு வகை ஹேஷ்டேக்கைப் பத்தி மட்டும் பேசுறேன். "புறக்கணிப்போம்"னு போடுறோம் இல்லையா, அது.

முதல்ல ஒரு தப்பை ஒத்துக்கிறேன். சில வருஷத்துக்கு முன்னாடி எங்க ஊர்ல ஒரு துணிக்கடை தீபாவளிக்கு ஒரு விளம்பரம் போட்டாங்க. அதுல ஒரு வரி எங்க யாருக்கும் பிடிக்கல. ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து முதல் போஸ்டரை டிசைன் பண்ணது நான்தான். காலையில பார்த்தா ஊரெல்லாம் அதுதான் பேச்சு. மத்தியானம் கடைக்காரங்க விளம்பரத்தை எடுத்துட்டு வருத்தமும் தெரிவிச்சாங்க. நாங்க நிறுத்தல. "வருத்தம் போதாது"ன்னு அடுத்த போஸ்டர் போட்டோம். சாயங்காலம் நாலு பேர் கடைக்குள்ள போய், பில் போடுற பெண்ணை நிக்க வச்சுக் கேள்வி கேட்டு வீடியோ எடுத்தாங்க. வீடியோ பத்து நிமிஷத்துல எங்க குரூப்புக்கு வந்துச்சு. பார்த்தா, அவங்க எங்க தெரு அக்கா. நான் பிளஸ் டூ படிக்கும்போது எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவங்க.

அந்த அக்கா என்ன சொன்னாங்கன்னு கடைசியில சொல்றேன். அன்னைக்கு ராத்திரிதான், புறக்கணிப்புன்னா உண்மையிலேயே எப்படி வேலை செய்யுதுன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். தேடினப்போ எனக்குக் கிடைச்ச நல்ல பாடப்புத்தகம், அமெரிக்காவுல தன்பால் திருமணத்தை ஒட்டி நடந்த சண்டை. ஏன்னா அங்கே ரெண்டு தரப்பும் புறக்கணிப்பு நடத்தினாங்க. யார் என்ன சாதிச்சாங்கன்னு இப்போ திரும்பிப் பார்க்க முடியும்.

இந்த அரங்குக்குள்ளேயே தன்பால் திருமணம் பத்தி ரெண்டு கருத்து இருக்கும்னு எனக்குத் தெரியும். அதை இன்னைக்குத் தீர்த்து வைக்க நான் வரல. நான் பேச வந்தது ஆயுதத்தைப் பத்தி. எந்தப் பக்கம் நின்னாலும் ஆயுதம் ஒண்ணுதான்.

சிக்கன் கடையும் ஒரு பேட்டியும்

2012. அமெரிக்காவில் தன்பால் திருமணம் அப்போது மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு சட்டம். நாடு முழுக்கச் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2015 ஜூன் 26-ல்தான். அட்லாண்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட சிக்-ஃபில்-ஏ என்ற சிக்கன் சாண்ட்விச் நிறுவனம். ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறக்காத அளவுக்குக் கிறிஸ்தவப் பற்று உள்ள குடும்பம். அதன் தலைவர் டேன் கேத்தி ஒரு பேட்டியில், பாரம்பரியக் குடும்ப முறையைத்தான் நிறுவனம் ஆதரிக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. அந்த நிறுவனத்தின் அறக்கட்டளை, தன்பால் திருமணத்தை எதிர்க்கும் அமைப்புகளுக்கு மில்லியன் டாலர் கணக்கில் பணம் கொடுத்திருந்தது ஏற்கெனவே வெளியே வந்திருந்தது.

புறக்கணிப்பு வெடித்தது. பதிலுக்கு, ஆர்கன்சா மாநில முன்னாள் ஆளுநர் மைக் ஹக்கபி ஆகஸ்ட் 1-ஆம் தேதியை "சிக்-ஃபில்-ஏ பாராட்டு நாள்" என்று அறிவித்தார். கடை வாசலில் மணிக்கணக்கில் வரிசை. அன்றைய விற்பனை சாதனை அளவு என்று நிறுவனமே சொன்னது. 2018 வாக்கில், அமெரிக்க விற்பனையில் மெக்டொனால்ட்ஸ், ஸ்டார்பக்ஸுக்கு அடுத்து மூன்றாவது பெரிய உணவகச் சங்கிலியாக அது வளர்ந்துவிட்டது.

விற்பனையை மட்டும் பார்த்தா புறக்கணிப்பு படுதோல்வி, சரியா? இங்கதான் கவனிக்கணும்.

கேம்பஸ் பிரைட் என்ற மாணவர் அமைப்பின் தலைவர் ஷேன் விண்ட்மேயர். தன்பாலின ஈர்ப்பாளர். கல்லூரி வளாகங்களில் அந்தக் கடைக்கு எதிராகப் பிரசாரம் நடத்தியவர். அவருக்கு டேன் கேத்தியே போன் செய்தார். ரெண்டு பேரும் மாசக்கணக்கில் பேசினார்கள். அவர் கேட்டது "உன் மதநம்பிக்கையை மாத்து" என்று இல்லை. "இந்த அமைப்புகளுக்குப் பணம் போகக் கூடாது" என்பதுதான். மிகக் கடுமையான எதிர்ப்பு அமைப்புகளுக்கான நிதி நின்றுவிட்டதைக் கணக்கு ஆவணங்களில் பார்த்த பிறகு, பிரசாரத்தை நிறுத்தி வைத்தார். 2013 ஜனவரியில் அதை வெளிப்படையாக எழுதவும் செய்தார். அவர் தரப்பிலேயே நிறைய பேர் திட்டினாங்க. 2014-ல் கேத்தி, நிறுவனத்தை இந்தச் சண்டைக்குள் இழுத்துவிட்டது தவறு என்ற பொருளில் பேசினார். அவருடைய தனிப்பட்ட கருத்து மாறவில்லை. 2019 நவம்பரில், இனி கல்வி, வீடற்றோர், பசி ஆகிய மூன்றுக்கு மட்டுமே நன்கொடை என்று அறக்கட்டளை அறிவித்தது.

ஆக, கடையை மூடணும்னு நினைச்சவங்க தோத்தாங்க. பணத்தை நிறுத்தணும்னு கேட்டவங்க பெருமளவு ஜெயிச்சாங்க. நாம இன்ஜினியரிங் படிச்சவங்க. எதை அளக்கிறோம்ங்கிறதுதான் முக்கியம். ட்ரெண்ட் ஆச்சா, விற்பனை விழுந்துச்சாங்கிறது ஒரு அளவு. கேட்டது நடந்துச்சாங்கிறது இன்னொரு அளவு.

முதல் கேள்வி: நாம கேட்கிறது என்ன?

இதே கேள்விக்கு இத்தாலியில் ஒரு நல்ல உதாரணம். 2013 செப்டம்பர். உலகப் புகழ்பெற்ற பாஸ்தா நிறுவனம் பரில்லா. அதன் தலைவர் கீதோ பரில்லா ஒரு வானொலி நிகழ்ச்சியில், தங்கள் விளம்பரத்தில் தன்பால் குடும்பத்தைக் காட்ட மாட்டோம், பிடிக்கலைன்னா வேற பாஸ்தா சாப்பிடட்டும் என்றார். உலகம் முழுக்கக் கண்டனம். மன்னிப்புக் கேட்டு வீடியோ வெளியிட்டார். ஆனா அதோட விடல. சில வாரங்களிலேயே நிறுவனத்துக்கு வெளியே இருந்து ஆட்களைக் கூப்பிட்டு ஆலோசனைக் குழு அமைத்தார்கள். அதில் தன்பாலின உரிமைப் போராளி டேவிட் மிக்ஸ்னரும் ஒருவர். ஒரே வருஷத்தில், பணியிட சமத்துவத்துக்காக அமெரிக்க உரிமை அமைப்பு ஒன்று போடும் மதிப்பெண் பட்டியலில் பரில்லா நூற்றுக்கு நூறு வாங்கியது. எதிர்த்தவர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். திரும்பி வர ஒரு கதவு இருந்தது, அவங்க திரும்பி வந்தாங்க.

எங்க துணிக்கடை விஷயத்துல நாங்க அந்தக் கதவைத்தான் சாத்தினோம். விளம்பரத்தை எடுத்த பிறகும் அடிச்சா, அடுத்த தடவை எந்தக் கடைக்காரர் விளம்பரத்தை எடுப்பார்?

இரண்டாவது கேள்வி: அடி யார் மேல விழுது?

இது நம்ம துறைக் கதை. இன்னைக்கு நீங்க திறக்கிற ஏறக்குறைய எல்லா இணையதளத்திலும் ஓடுகிற ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கியவர் பிரெண்டன் ஐக். 2014 மார்ச் 24-ல் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரின் மொஸில்லா நிறுவனத்துக்குத் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். 2008-ல் கலிஃபோர்னியாவில் தன்பால் திருமணத்துக்குத் தடை விதிக்க வாக்கெடுப்பு நடந்தபோது, தடைக்கு ஆதரவாகத் தன் சொந்தப் பணத்தில் ஆயிரம் டாலர் கொடுத்திருந்தார். அது திரும்பப் பேசுபொருள் ஆனது. ஓகே-கியூபிட் என்ற டேட்டிங் தளம், ஃபயர்ஃபாக்ஸில் வருபவர்களை வேறு பிரவுசருக்கு மாறச் சொல்லி அறிவிப்பு காட்டியது. ஏப்ரல் 3-ல் அவர் பதவி விலகினார். இரண்டு வாரம்கூட ஆகல.

சிலர் சொன்னாங்க: தலைமைப் பதவியில் இருப்பவர் மற்றவர்களின் திருமண உரிமையைப் பறிக்கப் பணம் கொடுத்தால், அவருக்குக் கீழே வேலை செய்யும் தன்பால் ஊழியர் எப்படி நம்புவார்? நியாயமான கேள்வி. ஆனா தன்பால் திருமணத்துக்காகப் பல வருஷம் எழுதிப் போராடிய ஆண்ட்ரூ சல்லிவனே இந்த விலகலைக் கடுமையாகக் கண்டித்தார். நிறுவனம் செய்த செயலுக்கு இல்லாம, ஒரு தனிமனிதன் ஆறு வருஷம் முன்னாடி சொந்தக் காசில் செய்ததுக்கு வேலையைப் பறிக்கலாமா என்பது அந்தத் தரப்பு. எனக்கே இதுல இன்னும் முழுத் தெளிவு இல்லை. ஆனா ஒண்ணு தெரியுது: அவரும் மனம் மாறல, பணமும் திரும்பல. பரில்லாவில் நடந்த மாதிரி இங்கே எதுவும் நகரல.

இன்னொரு சம்பவம். அந்த "பாராட்டு நாள்" அன்னைக்கு, அரிசோனா மாநிலம் டூசானில் ஒரு தனியார் நிறுவனத்தின் நிதித் தலைவர் காரில் சிக்-ஃபில்-ஏ போனார். கார் ஜன்னல் வழியா ஆர்டர் கொடுக்கும் இடத்தில் நின்ற இளம் பெண் ஊழியரிடம், இப்படிப்பட்ட கம்பெனியில் எப்படி வேலை பார்க்கிறாய் என்று திட்டி, அதைத் தானே வீடியோ எடுத்து இணையத்தில் போட்டார். அந்தப் பெண் கடைசி வரை மரியாதை தவறல. அடுத்த நாளே அவருக்கு வேலை போனது. அவர் ஆதரிக்க நினைச்ச பக்கத்துக்கும் கெட்ட பேர்.

நன்கொடை யாருக்குன்னு முடிவு பண்ணது அந்தப் பெண்ணா? விளம்பர வரியை எழுதினது எங்க தெரு அக்காவா?

மூன்றாவது கேள்வி: இது மக்கள் சக்தியா, அதிகார சக்தியா?

நாம ஒரு கட்சி. அதனால இந்தக் கேள்வி நமக்கு மத்தவங்களை விட அதிகம்.

ஒரு வாடிக்கையாளர் கடைக்குப் போகாம இருப்பது அவர் உரிமை. அது எல்லாருக்கும் உண்டு. 2012-ல் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்டார்பக்ஸ் தன்பால் திருமணச் சட்டத்தை ஆதரித்தபோது, எதிர்த்தரப்பு அமைப்பு ஸ்டார்பக்ஸைப் புறக்கணிக்கச் சொன்னது. அடுத்த வருஷம் பங்குதாரர் கூட்டத்தில் ஒருத்தர் இதனால் நஷ்டம்தானே என்று கேட்க, தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ், இது லாபக் கணக்கு பார்த்து எடுத்த முடிவில்லை, இதைவிட நல்ல லாபம் வேற இடத்தில் கிடைக்கும்னா பங்கை விற்றுவிடலாம் என்று பதில் சொன்னார். அவங்க கேட்டாங்க, இவர் மறுத்தார். யாரும் போலீஸைக் கூப்பிடல.

ஆனா சிக்-ஃபில்-ஏ விஷயத்தில் பாஸ்டன் மேயர் தாமஸ் மெனினோ, எங்க ஊரில் கடை வேண்டாம் என்று கடிதம் எழுதினார். சிகாகோவில் ஒரு வார்டு கவுன்சிலர் அனுமதியைத் தடுப்பேன் என்றார். அப்போ எதிர்த்தது யார் தெரியுமா? தன்பால் திருமணத்தை ஆதரிக்கும் ஏ.சி.எல்.யூ. என்ற சிவில் உரிமை அமைப்பே, கருத்துக்காக ஒரு கடைக்கு அரசு அனுமதி மறுக்கக் கூடாது என்றது. தடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று மெனினோவும் பின்னர் ஒத்துக்கொண்டார்.

நம்ம நாட்டுக்கு வாங்க. 2021 அக்டோபர். டாபர் நிறுவனம் ஃபெம் பிளீச் கிரீமுக்கு ஒரு விளம்பரம் போட்டது. ரெண்டு பெண்கள் தம்பதியா கர்வா சௌத் விரதம் கொண்டாடுற மாதிரி. பிடிக்காதவங்க எதிர்ப்பு தெரிவிச்சாங்க, அது அவங்க உரிமை. ஆனா மத்தியப் பிரதேச உள்துறை அமைச்சர் நரோத்தம் மிஸ்ரா, விளம்பரத்தை எடுக்கலைன்னா சட்ட நடவடிக்கைன்னு எச்சரிச்சார். டாபர் மன்னிப்புக் கேட்டு எடுத்துடுச்சு. உச்ச நீதிமன்ற நீதிபதி சந்திரசூட் சில நாள் கழித்து ஒரு நிகழ்ச்சியில் இதைக் குறிப்பிட்டு, மக்களின் சகிப்பின்மை காரணமாக அந்த விளம்பரம் விலக்கப்பட்டதாக வருத்தப்பட்டார்.

பாஸ்டன் மேயர் ஒரு பக்கம், போபால் அமைச்சர் இன்னொரு பக்கம். கருத்து நேரெதிர், செஞ்சது ஒண்ணுதான். வாடிக்கையாளர் "வாங்க மாட்டேன்"னு சொல்றதுக்கும், ஆட்சியில இருக்கிறவர் "விக்க விட மாட்டேன்"னு சொல்றதுக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கு. நம்ம கவுன்சிலரோ எம்.எல்.ஏ.வோ அந்தக் கோட்டைத் தாண்டச் சொல்லி நாம ட்ரெண்ட் பண்ணக் கூடாது. நாளைக்கு அதே அதிகாரம் எதிர்க்கட்சி கையில இருக்கும். அப்போ புறக்கணிக்கப்படுறது நமக்குத் தெரிஞ்சவங்க கடையா இருக்கும்.

அதனால என்ன செய்யலாம்?

என் வார்டு குரூப்புல இப்போ நாங்க கடைப்பிடிக்கிறது இதுதான். போஸ்டர் டிசைன் பண்றதுக்கு முன்னாடி, கோரிக்கையை ஒரே வரியில எழுதணும். எழுத முடியலைன்னா அது கோபம் மட்டும்தான், காலைல வரைக்கும் ஆறப்போடலாம். முடிவெடுத்தவரை மட்டும் டேக் பண்ணணும், கடை ஊழியர் முகம் ஒரு ஃபிரேம்ல கூட வரக் கூடாது. கேட்டது நடந்தா அன்னைக்கே நிறுத்திட்டு, நன்றி சொல்லி ஒரு பதிவு போடணும். புறக்கணிப்புக்கு ஆயிரம் ஷேர் வாங்கத் தெரிஞ்ச நமக்கு நன்றிக்கு நூறு வாங்கத் தெரியாதா?

அக்கா என்ன சொன்னாங்கன்னு சொல்றேன்னேன் இல்லையா. அடுத்த நாள் அவங்க வீட்டுக்குப் போனேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டல. டீ போட்டுக் கொடுத்தாங்க. அப்புறம் மெதுவா, "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, அந்த வீடியோவ எடுத்துட முடியுமா? பையன் ஸ்கூல்ல பசங்க காட்டிக் கேலி பண்றாங்களாம்"னு கேட்டாங்க.

என்னால முடியல. அதுக்குள்ள எத்தனையோ பக்கத்துல ஏறிடுச்சு. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சும், நான் தொடங்கி வச்ச ஒண்ணை என்னால நிறுத்த முடியல.

அடுத்த முறை பதிவிடும் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி, உங்க தெரு அக்கா ஒருத்தரை நினைச்சுக்கோங்க. அவ்வளவுதான்.



#கேட்டுவிட்டுப்_பகிர்வோம் #ஐடி_விங்_பயிற்சி_முகாம்